ஆர்டன் பார்த்தாயிற்று

முட்டைக்காரர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கொக்கி மாட்டுகிறவரிடம் பேசக் கூடாது.

மற்றபடி அவர்கள் வாய் ஓயாத கூட்டம். ஆண்டுதோறும் ஜூலையில், வின்னிபெக் ஏரிக்கரைப் பூங்காவுக்குத் உள்ளே படுத்துத் தங்குகிற தங்கள் ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்களை வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்வார்கள். மேலே ஒரு ஓடு, கீழே ஒரு ஓடு, நடுவில் ஒரு ஒட்டு. அதனால்தான் முட்டை என்று பெயர். எந்த மெழுகு பளபளப்பாக நிற்கும், எந்த ஜன்னல் ரப்பர் ஒழுகாது என்று கொசுவை அடித்துக்கொண்டே பொழுதெல்லாம் பேசுவார்கள். சனிக்கிழமை எல்லாருடைய கதவும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் யார் வண்டிக்குள்ளும் புகுந்து, அலமாரியைத் திறந்து, மெத்தையை அமுக்கிப் பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கிளம்புவதற்காக டிரெய்லரின் மூக்குக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டால், பக்கத்தில் நிற்கிறவர் காலை வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.

காரணம் உண்டு. பிக்கப் வண்டியின் வாலில் இருக்கும் இரும்புக் குண்டின்மேல் டிரெய்லரின் மூக்கை உட்கார வைக்க வேண்டும். தாழை அமுக்க வேண்டும். அது எகிறாமல் இருக்க இரும்புப் பின்னைச் செருக வேண்டும். இரண்டு சங்கிலிகளையும் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். விளக்குக்கான வயரை இணைக்க வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து ஒன்று விட்டுப்போனால், வண்டி தனியாக ஒரு பக்கம் போகும், டிரெய்லர் தனியாக ஒரு பக்கம் போகும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு இன்னொருவர் குனிந்து சரிபார்க்க வேண்டும் என்பது வழக்கம். அந்த இன்னொருவர் பல வருஷமாக ஆர்டன் பென்னர்தான். பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்தவன். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் மண்டியிட்டு, பின்னைத் தொட்டு, சங்கிலியை ஆட்டிப் பார்த்து எழுந்து கையைத் தூக்குவான். "ஆர்டன் பாத்தாச்சு" என்று யாராவது சத்தம் கொடுப்பார்கள். அப்புறம்தான் சக்கரம் உருளும். போன வருஷம், கொக்கி மாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் புதிதாகச் சேர்ந்த ஒருவன் மணி கேட்டுவிட்டான் என்று, ஆர்டன் அவனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினான். அந்த ஆள் இந்த வருஷம் வரவில்லை.

அப்படிப்பட்ட ஆர்டன்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தான்.

தோரா சிகுர்ட்சனின் டிரெய்லருக்குப் பஃபின் என்று பெயர். அவளும் கணவன் ஐனாரும் கல்யாணமான புதிதில் வாங்கியது. இதுவரை அதன்மேல் ஒரு சொட்டு பெயிண்ட் பட்டதில்லை. பனி உருகியதும் வருஷா வருஷம் கையாலேயே மெழுகு தேய்த்துக் காப்பாற்றிய ஓடு, இன்றைக்கும் புது வெண்ணெய் நிறத்தில் இருந்தது. தளர்ந்த ரிவெட்டுகளை ஐனார் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றியிருந்தார். சனிக்கிழமை திறந்த கதவுகளில் பஃபினின் வாசலில்தான் வரிசை நிற்கும். ஆர்டனின் டிரெய்லர் புதியது, பெரியது, ஏசி வைத்தது. அதற்குள் நுழைந்தவர்கள் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஃபினுக்குப் போய்விடுவார்கள். பொறாமையா என்று கேட்டால் ஆர்டன் சண்டைக்கு வருவான். பொறாமைதான், வேறென்ன.

ஐனார் போய் இரண்டு வருஷமாகிறது. மறதி நோய். முதலில் கெட்டிலைப் படுக்கைக்குள் வைத்தார், பிறகு வீட்டுக்கு வழி மறந்தார், கடைசியில் தோராவை யாரென்று கேட்டார். அவர் போன பிறகும் தோரா நிறுத்தவில்லை. எழுபதைத் தாண்டியவள் தனியாகப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு, பஃபினை இழுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

அன்று காலை காப்பிக் கோப்பையோடு வந்த கூட்டத்து ஆள் லோர்ன் கோவல்சுக், ஆர்டனிடம் ஒரு வம்பை இறக்கினான். "டேய், கால்கரிலேர்ந்து ஒருத்தன் வந்து பஃபினைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கான். என்ன விலையானாலும் குடுக்கறேன்னானாம்."

பஃபின் கைவிட்டுப் போய்விடும் என்று ஆர்டனுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தான். எல்லாருக்கும் முன்னால் கிளம்பிவிடும் பழக்கமுள்ள தோரா, பஃபினின் மூக்கைக் குண்டின்மேல் இறக்கிவிட்டு அப்போதுதான் தாழில் கை வைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி பெய்த மழையில் தரையெல்லாம் சேறு. ஆர்டன் அவளருகில் போய் நின்றான்.

"தோரா, ஒரு நிமிஷம்."

அவள் கையை அப்படியே நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் கையைக் காட்டி நிறுத்தியிருப்பாள். கூப்பிட்டது ஆர்டன் என்பதால் ஏதோ அவசரம் என்று நினைத்தாள்.

"என்னப்பா?"

"கால்கரிக்காரன் ஏதோ கேட்டானாமே. குடுக்கறதா இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. அவ்ளோதான்."

"நான் யாருக்கும் குடுக்கறதா இல்லையே ஆர்டன்."

அதோடு விட்டிருக்கலாம். விட்டானா? "இப்ப இல்ல, சரி. ஆனா இன்னும் எத்தனை நாளைக்குத் தனியா இழுத்துட்டு அலைவீங்க? ஐனார் இருந்தா அது வேற. வயசாகுதுல்ல?"

தோராவின் முகம் சிவந்துபோயிற்று. எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கும்தான் ஆகுது" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. வயரை மட்டும் செருகிவிட்டு வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். கண்ணாடி வழியாக ஆர்டனைப் பார்த்தாள், வழக்கம்போல.

அவன் குனிந்திருக்க வேண்டும். குனியவில்லை. சொன்ன சொல்லின் கசப்பு அவன் வாயிலேயே இருந்தது. இந்த நேரத்தில் அவள் வண்டிக்கு அடியில் போய் மண்டியிட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது. கையைத் தூக்கினான்.

"ஆர்டன் பாத்தாச்சு!" என்று தூரத்திலிருந்து லோர்ன் கத்தினான்.

பூங்கா வாசலில் குப்பைத் தொட்டிக்கு அருகே நிறுத்தி, ஒரு பையைப் போட்டுவிட்டு, தோரா சாலையில் ஏறினாள். ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் ஒரு மேடு உண்டு. அந்தக் குலுக்கலில் மூக்கு குண்டைவிட்டு எகிறியது. பஃபின் எதிர்ப்பக்கச் சாலையைக் குறுக்கே கடந்து, பள்ளத்தில் இறங்கி, மதகுச் சுவரில் முகத்தை மோதிக்கொண்டு நின்றது. அடுத்த நிமிஷம் அதே எதிர்ப்பக்கத்தில் பின்சீட்டில் குழந்தைகளோடு ஒரு கார் போயிற்று.

சேதி வந்ததும் எல்லாரும் ஓடினார்கள். தோரா சாலையோரத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாழ் திறந்திருந்தது. பின் செருகியிருக்கவில்லை. சங்கிலிகள் இரண்டும் டிரெய்லரின் கழுத்திலேயே சுற்றிக் கிடந்தன.

"நீ பாத்தியாடா?" என்று கேட்டான் லோர்ன்.

"பாத்தேன்" என்றான் ஆர்டன்.

நாக்கு அவனைக் கேட்காமலே சொன்ன மாதிரி இருந்தது. இன்னும் வாயை மூடவில்லை, பக்கத்தில் நின்ற அவன் மனைவி மாவிஸின் பார்வை அவன் பேன்ட் முட்டிக்குப் போவதைக் கண்டான். முட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஆர்டன் சட்டென்று பள்ளத்தில் இறங்கி, கொக்கியை ஆராய்கிறவன்போல் டிரெய்லரின் மூக்குக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டான். எதற்காக மண்டியிட்டான் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் எழவில்லை.

"ஆர்டன் பாத்திருக்கான்னா எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும்" என்று லோர்ன் மற்றவர்களிடம் தீர்ப்புச் சொன்னான். "குப்பை போட எறங்கினப்ப கெழவி என்னத்தையோ நோண்டியிருக்கு. சங்கிலியக்கூடக் கழட்டியிருக்குன்னா..." நெற்றிப்பொட்டில் விரலால் தட்டினான். "ஐனாரும் இப்படித்தான் ஆரம்பிச்சான்."

மெதுவாகச் சொன்னதாகத்தான் லோர்ன் நினைத்தான். தோராவின் முகத்தைப் பார்த்தபோது அது அவள் காதில் விழுந்துவிட்டது என்று ஆர்டனுக்குத் தெரிந்தது. "நான் கழட்டினேனா?" என்று அவள் யாரையும் பார்க்காமல் கேட்டாள். "எனக்கு ஞாபகம் இல்லையே."

பஃபினைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய்த் தானே சரிசெய்து தருவதாக ஆர்டன் சொன்னான். எல்லாரும் அவன் தோளில் தட்டினார்கள். நல்ல மனசு என்றார்கள். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் அவனுக்கு அடியாக விழுந்தது.

அதன் பிறகு ஷெட்டே கதியாகக் கிடந்தான். மூக்கிலிருந்து ஜன்னல்வரை ஓடிய விரிசலின் விளிம்புகளைச் சாய்வாக அரைத்தெடுத்தான். உள்பக்கமாகக் கண்ணாடி இழைத் துணியை ஒட்டுக்குமேல் ஒட்டாக வைத்து, ரெசின் பசையை ஊற்றி, குமிழி இல்லாமல் உருளையால் தேய்த்தான். வளைந்த இரும்புச் சட்டத்தை நிமிர்த்தினான். மூக்கில் புதுத் தாழ் பொருத்தினான். இவ்வளவு நாள் ஏங்கிய பொருள் இப்போது கைக்குள் இருந்தது. ஐனார் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த மீன்பிடிப் படத்தைப் பார்க்க முடியாமல், அந்தக் கதவை அவன் திறப்பதே இல்லை. மாவிஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள், தட்டை வைப்பாள், அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுவான்.

ஒட்டு இறுகி, இன்னும் மேல்பூச்சு பூசாமல் இருந்த ஒரு பிற்பகலில் தோரா வந்தாள். கையில் வினார்டெர்டா, உலர்ந்த பிளம் பழத்தை அடுக்கடுக்காக வைத்து அவள் குடும்பத்து வீடுகளில் சுடுகிற கேக். ஆளே இளைத்துப் போயிருந்தாள்.

"உனக்கும் மாவிஸுக்கும்" என்று தட்டை வேலை மேஜைமேல் வைத்தாள். "சக்கரை போட்டேனா இல்லையான்னு ரெண்டு தடவை ருசி பாத்தேன். இப்பல்லாம் எதையும் நம்ப முடியல."

ஆர்டன் கையிலிருந்த உப்புத்தாளை மடித்தான், விரித்தான்.

"ஞாபகம் சரியா இருக்கான்னு பாக்க டாக்டர்கிட்ட போனேன். கடிகாரம் வரைங்கன்னார். மிருகங்க பேரெல்லாம் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியா இருக்குன்னுட்டார். ஐனாருக்கும் மொத தடவை அப்படித்தாம்ப்பா சொன்னாங்க." பஃபினின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவினாள். "அடுப்புத் திருகை ராத்திரில கழட்டி வச்சுடறேன். பிக்கப்பை நாளைக்கு என் அண்ணன் பையன் எடுத்துக்கறேன்னுட்டான், இன்னிக்கு இங்க ஓட்டிட்டு வந்ததுதான் கடைசி. இனிமே நான் ரோட்டுல போகக் கூடாது. அந்தக் காருல கொழந்தைங்க இருந்துது ஆர்டன்."

"தோரா..."

"பஃபினை நீ வச்சுக்கோ. உனக்கு எவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியாதா? நீ நல்லா பாத்துப்பே. இன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ பாத்தப்ப சங்கிலி மாட்டியிருந்துதா?"

ஆர்டன் தலையை அசைத்தான். ஆமாம் என்பதுபோல் அசைத்தான்.

"அப்ப நான்தான் கழட்டியிருக்கேன்" என்றாள் அவள், கணக்கை முடித்தவள்போல. கை கழுவிக்கொள்கிறேன் என்று வீட்டுக்குள் போனாள்.

ஷெட் வாசலில் மாவிஸ் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அன்னிக்கு உன் முட்டி காஞ்சிருந்துது ஆர்டன்."

அவன் உப்புத்தாளை மேஜைமேல் வைத்தான். "அப்பவே ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். இன்னிக்கு சொல்லுவான், நாளைக்கு சொல்லுவான்னு. நானும் உன்னோட சேர்ந்து அந்தப் பொம்பளைக்குத் துரோகம் பண்ணிட்டேன். எனக்கும் வெக்கமா இருக்கு, உனக்கு மட்டும் இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "உள்ள போய் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். ஆனா அதுக்கப்புறம் உன்கூட ஒரே மேஜைல உக்காந்து என்னால காப்பி குடிக்க முடியாது."

ஷெட்டிலிருந்து சமையலறைக்கு நாலு எட்டு. ஆர்டனுக்கு அது நடந்து தீராத தூரமாக இருந்தது. தோரா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"நான் பாக்கல."

"என்ன?"

"அன்னிக்கு. நான் குனியவே இல்ல. சும்மா கையைத் தூக்கிட்டேன். லோர்ன் கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். இப்பவும் பொய்தான் சொன்னேன்."

தோரா அவனையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். இந்த முறை இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் கழட்டல."

"இல்ல. நீங்க மாட்டவே இல்ல. நான் நடுவுல வந்து பேசினதால..."

"நீ பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் தோரா. "வயசாகுதுன்னு சொன்னியே, அது ஞாபகம் இருக்கு. நான் துணில கை தொடச்சது ஞாபகம் இருக்கு. குப்பைப் பையில என்ன இருந்துதுன்னுகூட ஞாபகம் இருக்கு. நீ குனிஞ்சு பாத்தது மட்டுந்தான் எவ்ளோ யோசிச்சும் வரல. ராத்திரி ராத்திரியா உக்காந்து யோசிச்சேன். நீ பாத்தேங்கற. எனக்கு அது வரவே இல்ல. அதனாலதான் எனக்கு மூளை போயிடுச்சுன்னு முடிவு பண்ணேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷமா, ஆத்திரமா என்று ஆர்டனுக்குத் தெரியவில்லை. மன்னிச்சுடுங்க என்றான். அந்தச் சொல் அந்தச் சமையலறையில் யாருக்கும் வேண்டாத சொல்லாகக் கிடந்தது. மாவிஸ் வந்து தோராவின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தோரா மூக்கைச் சிந்திக்கொண்டாள். "லோர்னுக்கு போன் போடு. என் முன்னால போடு. ஸ்பீக்கர்ல சத்தமா வை."

போட்டான். சொன்னான்.

"அடப்பாவி" என்றான் லோர்ன். "கெழவிக்குத்தான் கழண்டு போச்சுன்னு நான் ஊரு பூரா சொல்லிட்டேனேடா. நூறு பேர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"லோர்ன்" என்று தோரா மேஜையில் சாய்ந்து சொன்னாள், "கெழவி கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"ஐயோ! தோரா... நான்... ஏசுவே..."

"அந்த நூறு பேருக்கும் திரும்ப போன் போட்டுடு. ஞாபகம் இருக்கில்ல யார் யாருன்னு? எனக்கு இருக்கு. வேணும்னா சொல்றேன்."

மாவிஸுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. தோராவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆர்டன் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளும் தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. தன் சொந்தச் சமையலறையில் விருந்தாளிபோல நின்றான்.

தோரா எழுந்தாள். "பஃபினை நான் எடுத்துட்டுப் போறேன்."

"மேல்பூச்சு இன்னும் போடல" என்றான் ஆர்டன். "மூக்குல ஒட்டு அப்படியே பச்சையா தெரியுது. ஒரு வாரம் குடுத்தீங்கன்னா..."

"தெரியட்டும்."

அவளே பிக்கப்பைப் பின்னால் எடுத்தாள். ஆர்டன் வழிகாட்டக் கையைத் தூக்கப் போனான். அவள் கண்ணாடியில் அவனைப் பார்க்கவே இல்லை, தானாகவே சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கி, சரளைக் கல்மேல் மண்டியிட்டு, மூக்கைக் குண்டின்மேல் இறக்கினாள். அவன் பொருத்திய புதுத் தாழை அமுக்கி, பின்னைச் செருகி, சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினாள். ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்க்குள் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டாள். முன்பெல்லாம் அவள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. இதுவும் தன்னால் வந்தது என்று ஆர்டனுக்குப் புரிந்தது. அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் அவள் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள்.

வயரையும் செருகிவிட்டு அவள் எழுந்தபோது, பழக்கத்தில் ஆர்டனின் கால் தானாக ஒரு எட்டு முன்னால் வந்தது. முட்டியை மடக்கிக்கூட ஆரம்பித்துவிட்டான்.

"நீ வேண்டாம்" என்றாள் தோரா. கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "மாவிஸ், நீ கொஞ்சம் வந்து பாரேன்."

மாவிஸுக்கு அந்த வேலை தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை. அதற்குத்தான் ஆர்டன் இருந்தானே. அவள் சங்கடத்தோடு கணவனை ஒருமுறை பார்த்தாள், பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். எதைத் தொடுவது, எதை இழுத்துப் பார்ப்பது என்று தோரா ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க, மாவிஸ் தொட்டாள், இழுத்தாள். ஆர்டன் ஷெட்டின் சுவரோரமாகத் தள்ளி நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.